எஸ்எஸ்டியிடம் "இது சீக்கிரம் அழியும்" என்று சொல்வது எப்படி?

மண்டபத்திலோ பாம்பனிலோ மீன் இறங்குதளத்தில் ஒரு கணினி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு கேமராக்கள் ராப்பகலாக அதில் பதிவாகின்றன. 15 நாள் பதிவு இருந்தால் போதும். அதற்குப் பழையது தானாக அழிந்து புதியது ஏறும். ஏலம் நடக்கும்போது மீன், எடை, விலை, வாங்கியவர் எல்லாம் டேட்டாபேஸில் விழும். டேட்டாபேஸ் ஒவ்வொரு வரியையும் முதலில் தன் லாக் ஃபைலில் எழுதும். சில நிமிடம் கழித்து அந்த லாகைத் தூக்கிப்போட்டுவிடும். கடலுக்குப் போன விசைப்படகுகளின் டோக்கன் (கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டு) விவரம் படகு கரை திரும்பும்வரைதான் வேண்டும். படகின் பதிவெண், உரிமையாளர் விவரம், பழைய ஏலக் கணக்கு இவையெல்லாம் வருடக்கணக்கில் கிடக்கும்.

வீடியோ, லாக், டோக்கன், பழைய கணக்கு என்ற நான்குக்கும் ஆயுள் வேறு வேறு. ஆனால் நான்கும் போய்ச் சேருவது ஒரே எஸ்எஸ்டி, அதாவது ஃபிளாஷ் சில்லுகளில் எழுதும் டிஸ்க். அதற்குத் தெரிவதெல்லாம் "இந்த எண்ணுள்ள இடத்தில் இந்த 4 கேபியை எழுது" என்பது மட்டும்தான். எது நாளைக்கே சாகும், எது பத்து வருடம் கிடக்கும் என்று யாரும் அதனிடம் சொல்வதில்லை. சொல்வதற்கான வழிக்குத்தான் டேட்டா பிளேஸ்மென்ட் ஹின்ட் என்று பெயர். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்த வழியை எப்படி அமைப்பது என்பது கேட்க எளிதாக இருக்கும். லினக்ஸில் அதை ஒருமுறை வைத்து, பிடுங்கி, மறுபடி வைக்க வேண்டியிருந்தது.

கலந்து வைத்தால் என்ன கெடுதல்?

ஃபிளாஷில் எழுதுவது பேஜ் பேஜாக. ஒரு பேஜ் இன்று பெரும்பாலும் 16 கேபி. அழிப்பது அப்படியல்ல. பல எம்பி கொண்ட பிளாக்கை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். எழுதிய பேஜின் மேல் நேராகத் திருப்பி எழுதவும் முடியாது. ஏலக்கூடத்துப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவ வேண்டுமென்றால் உள்ளே ஒரு மீன்கூட இருக்கக் கூடாது அல்லவா? உடனே லாரி ஏறப்போகும் காரலையும், இரண்டு நாள் ஐஸில் இருக்க வேண்டிய இறாலையும் ஒரே பெட்டியில் போட்டால், காரல் போன பிறகு இறாலை அள்ளி வேறு பெட்டிக்கு மாற்றினால்தான் கழுவ முடியும். எஸ்எஸ்டிக்குள் நடக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் இந்த அள்ளி மாற்றும் வேலைதான்.

கணக்காகப் பார்க்கலாம். ஒரு பிளாக்கில் 16 கேபி பேஜ்கள் 256, ஆக 4 எம்பி. அதில் பாதி, அதாவது 128 பேஜ், இன்னும் உயிரோடு இருக்கிறது. பிளாக்கை அழிக்க அந்த 128-ஐ வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். லாபம் 128 பேஜ் காலியிடம். நாம் 128 பேஜ் எழுத, ஃபிளாஷ் 256 பேஜ் எழுதுகிறது. நாம் எழுதியதைப்போல் எத்தனை மடங்கு ஃபிளாஷ் எழுதுகிறது என்பதற்கு ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்று பெயர். இங்கே அது 2. உயிரோடு இருப்பது 192 பேஜ் என்றால், 64 பேஜ் இடத்துக்காக 192 பேஜை நகர்த்த வேண்டும், ஆம்ப்ளிஃபிகேஷன் 4. அழிக்க எடுத்த பிளாக்கில் உயிரோடு இருக்கும் பங்கை ஒன்றிலிருந்து கழித்து, அந்த விடையால் ஒன்றை வகுத்தால் இந்த எண் வரும். முக்கால் பங்கைத் தாண்டினால் ஏற்றம் செங்குத்தாகிவிடும். 90 சதவீதம் உயிரோடு இருந்தால் 10 மடங்கு. டிஸ்கின் ஆயுளும் வேகமும் ஒன்றாகச் சரியும்.

நம் கணினியில் ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 2 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட்) என்றால், நான்குக்கும் சேர்த்து வினாடிக்கு 1 எம்பி, ஒரு நாளுக்கு 86.4 ஜிபி, 15 நாளுக்கு ஏறக்குறைய 1.3 டிபி. 1.92 டிபி டிஸ்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடியோவுக்கே போய்விடும். வீடியோ தனியாக இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. முதலில் எழுதியது முதலில் சாகும், பிளாக் பிளாக்காகக் காலியாகும். சிக்கல் டேட்டாபேஸ் லாகால் வருகிறது. அது வீடியோவின் நடுநடுவே விழுகிறது. சில நிமிடத்தில் லாக் செத்து, வீடியோ பிளாக்கில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை இடமாக மாற்ற வேண்டுமென்றால், இன்னும் 14 நாள் வாழ வேண்டிய வீடியோவைத் தூக்கி நகர்த்த வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: 15 நாளில் வீடியோ முழுக்கச் செத்த பிளாக்கில் பழைய ஏலக் கணக்கின் நாலு பேஜ் மட்டும் நின்றுகொண்டு வழிமறிக்கும்.

அழித்த ஃபைலின் இடத்தை டிஸ்கிடம் சொல்லும் ட்ரிம் கட்டளை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. ட்ரிம் செத்ததைச் சொல்லும். ஹின்ட் சாகப்போவதைச் சொல்லும். எழுதும் நேரத்தில் பிரித்து வைக்கவில்லை என்றால் பிறகு எவ்வளவு ட்ரிம் அனுப்பினாலும் கலந்தது கலந்ததுதான். பார்டிஷன் போட்டுப் பிரிப்பதும் உதவாது. பார்டிஷன் முகவரியைத்தான் பிரிக்கிறது. உள்ளே இருக்கும் ஃபிளாஷ் டிரான்ஸ்லேஷன் லேயர் (முகவரியை ஃபிளாஷில் உள்ள இடமாக மாற்றும் மென்பொருள்) இரண்டு பார்டிஷனிலிருந்து வரும் எழுத்தையும் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்து வைக்கும்.

டிஸ்க் தானே பழக்கத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பது இன்னொரு வாதம். ஓரளவு நடக்கும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஏலம் நின்றுபோகும், கேமரா மட்டும் ஓடும். ஜூன் 15-க்குப் பிறகு எழுத்தின் போக்கே தலைகீழாக மாறும். அதுவரை கற்றது அன்றைக்குச் செல்லாது. லாக் சீக்கிரம் சாகும் என்பதோ டேட்டாபேஸுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தவரைச் சொல்ல வைப்பதே சுலபம்.

எதைச் சொல்வது: இடமா, ஆயுளா, கூட்டாளியா?

இடைமுகம் அமைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது. மூன்று வகை வாக்கியம் இருக்கிறது.

"இதை இந்த இடத்தில் வை" என்பது முதல் வகை. ஓப்பன் சேனல் எஸ்எஸ்டிகளுக்காக 2016-இல் லினக்ஸ் 4.4 கர்னலில் (கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) வந்த லைட்என்விஎம் இந்தப் பக்கம் சாய்ந்தது: ஃபிளாஷின் உள்ளமைப்பையே ஹோஸ்ட்டிடம், அதாவது டிஸ்க் மாட்டிய கணினியிடம், காட்டியது. ஒவ்வொரு தலைமுறை ஃபிளாஷுக்கும் உள்ளமைப்பு மாறும். ஒவ்வொரு முறையும் மென்பொருளைத் திருத்த வேண்டும். 5.15 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். ஜோன் முறை எஸ்எஸ்டிகள் அதைவிடப் பக்குவமானவை. டிஸ்க் ஜோன்களாகப் பிரிந்திருக்கும்; ஒரு ஜோனில் வரிசையாக மட்டும்தான் எழுதலாம்; ஜோனை ரீசெட் செய்வது ஹோஸ்ட்டின் பொறுப்பு. நல்ல பலன் தரும். ஆனால் இது ஹின்ட் அல்ல, கட்டளை. வரிசை தப்பினால் எழுத்தே தோற்கும், பழைய ஃபைல் சிஸ்டத்தை அப்படியே வைத்து ஓட்ட முடியாது.

"இது இவ்வளவு காலம் வாழும்" என்பது இரண்டாவது வகை. 2017-இல் 4.13 கர்னலில் எஃப்சிஎன்டிஎல் (திறந்த ஃபைலைப் பற்றிக் கர்னலிடம் பேசும் அழைப்பு) வழியாக இது வந்தது. ஆயுள் எதுவும் சொல்லாத நாட் செட், நன் இரண்டையும் விட்டால் ஷார்ட், மீடியம், லாங், எக்ஸ்ட்ரீம் என நான்கு ஆயுள் வகுப்பு. இதில் நிமிடம், நாள் என்ற அளவு கிடையாது. ஷார்ட் என்றால் மீடியத்தைவிடச் சீக்கிரம் சாகும், அவ்வளவே. புரிந்துகொள்ள எளிது, ஆனால் ஒரே சர்வரில் இரண்டு டேட்டாபேஸ் ஓடி, இரண்டும் தங்கள் லாகை ஷார்ட் என்றால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சரக்கும் ஒரே இடத்தில் சேரும். கீழே இதைத் தாங்கிய என்விஎம்இ (கணினியும் எஸ்எஸ்டியும் பேசிக்கொள்ளும் தரம்) ஸ்ட்ரீம் வசதி சந்தையில் பெரிதாகப் பிடிக்கவில்லை. 2022-இல் 5.18 பதிப்பில் கர்னல் அதன் ஆதரவை எடுத்துவிட்டது. 2024-இல் 6.9 பதிப்பில் ஹின்ட் வேறு காரணத்துக்காகத் திரும்ப வந்தது: இன்றைய போன்களில் இருக்கும் யுஎஃப்எஸ் சேமிப்பு ஸ்கஸி கட்டளைகளில் பேசுகிறது, அதற்கு இது வேண்டியிருந்தது.

"இதெல்லாம் ஒரு கூட்டம், சேர்ந்து சாகும்" என்பது மூன்றாவது வகை. ஆயுளே சொல்வதில்லை; வெறும் எண் மட்டும். எண் 1 உள்ளவை ஒரு கூட்டம், எண் 2 உள்ளவை வேறு கூட்டம். எஃப்டிபி என்று சுருக்கமாகச் சொல்லும் ஃப்ளெக்ஸிபிள் டேட்டா பிளேஸ்மென்ட் இந்த வழியில் போகிறது. கூகுளும் மெட்டாவும் தனித்தனியே யோசித்து வைத்திருந்தவை ஒன்றாகி, 2022-இல் என்விஎம்இ தரத்தில் சேர்ந்தது. டிஸ்க் தன்னிடமுள்ள அழிக்கும் அலகை ரீக்ளெய்ம் யூனிட் என்கிறது. ஹோஸ்ட் ஒரு ஹேண்டில் எண்ணைக் கொடுத்தால் அந்த எழுத்து அந்த ஹேண்டில் அப்போது நிரப்பிக்கொண்டிருக்கும் யூனிட்டில் விழும். மூன்றில் இதுதான் சரியான வாக்கியம் என்பது எங்கள் கட்சி. பிளாக்கை அழிக்கும்போது உண்மையில் தேவைப்படுவது "எவ்வளவு நாள்" அல்ல, "எதெல்லாம் ஒன்றாக" என்பதே. ஆயுளைத் தப்பாக ஊகித்தாலும் கூட்டம் சரியாக இருந்தால் பலன் கிடைத்துவிடும்.

ஹின்ட்டை எதில் கட்டித் தொங்கவிடுவது?

புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாக.

ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதினால் அது உடனே டிஸ்குக்குப் போவதில்லை. பேஜ் கேஷில், அதாவது கர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் நகலில், உட்காரும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் 5 வினாடிக்கு ஒருமுறை எழும் கர்னல் த்ரெட், 30 வினாடிக்கு மேல் அழுக்காக (டிஸ்கில் இன்னும் எழுதப்படாமல்) கிடக்கும் பேஜ்களை எடுத்துக் கீழே அனுப்பும். அதற்குள் எழுதிய புரோகிராம் ஃபைலை மூடியிருக்கலாம், புரோகிராமே முடிந்துபோயிருக்கலாம். ஆக, ஹின்ட்டை எழுதும் அழைப்போடு கட்டினால் அது பேஜ் கேஷின் வாசலிலேயே உதிர்ந்துவிடும். ஃபைலைத் திறந்த கைப்பிடியோடு கட்டினாலும் அதே கதி: இந்த பேஜ் எந்தக் கைப்பிடி வழி வந்தது என்று அந்த த்ரெட்டுக்குத் தெரியாது. 2017-இல் இரண்டு விதமும் இருந்தன, ஐநோடில் (ஒரு ஃபைலைப் பற்றிக் கர்னல் வைக்கும் பதிவில்) ஒன்று, கைப்பிடியில் ஒன்று. 2022 களையெடுப்பில் கைப்பிடி வகை போனது. ஐநோட் வகைதான் நிலைத்தது.

ஐநோடில் கட்டினால் ஹின்ட் ஃபைலோடு ஒட்டியிருக்கும், கேஷைத் தாண்டும். விலையும் உண்டு. ஃபைல் முழுக்க ஒரே ஹின்ட்தான். இரண்டு புரோகிராம்கள் ஒரே ஃபைலுக்கு வேறு வேறு ஹின்ட் கொடுத்தால் கடைசியில் கொடுத்ததே நிற்கும். ஒரே பெரிய ஃபைலுக்குள் சூடான பகுதியும் ஆறிய பகுதியும் வைத்திருக்கும் டேட்டாபேஸுக்கு இது போதாது.

அதற்காகத்தான் ஒவ்வொரு எழுத்தோடும் எண் அனுப்பும் வழி. 2025-இல் 6.16 கர்னலில் ஐஓ-யூரிங் (எழுதுவது, படிப்பது போன்ற வேலைகளை வரிசையாகக் கர்னலிடம் கொடுக்கும் இடைமுகம்) வழி எழுத்துக்கு ரைட் ஸ்ட்ரீம் என்ற ஒரு புலம் வந்தது. 0 என்றால் எதுவும் சொல்லவில்லை, 1-இலிருந்து மேலே ஸ்ட்ரீம் எண். ஃபைல் சிஸ்டம் இல்லாமல் நேராகப் பிளாக் டிவைஸில், கேஷைத் தொடாத டைரக்ட் ஐஓவாக எழுதினால்தான் இது செல்லும். பேஜ் கேஷைத் தொட்டால் மேலே சொன்ன சிக்கல் திரும்ப வந்துவிடும். ஆக இன்றைய நிலையில் சாதாரண ஃபைலுக்கு ஆயுள் வகுப்பு, தன் டிஸ்கைத் தானே ஆளும் டேட்டாபேஸுக்கும் கேஷ் மென்பொருளுக்கும் ஸ்ட்ரீம் எண் என்று இரண்டு வாசல். அழகில்லைதான், ஆனால் காரணமில்லாமல் இல்லை.

நடுவில் இருக்கும் அடுக்குகளையும் மறக்கக் கூடாது. டிஸ்க் இடத்தைப் பிரித்துச் சேர்க்கும் எல்விஎம், பல டிஸ்குகளை ஒன்றாக்கும் மென்பொருள் ரெய்டு, என்க்ரிப்ஷன் இவற்றில் ஏதாவது ஒன்று ஆயுள் ஹின்ட்டைக் கடத்தாவிட்டால் கீழே எதுவும் வராது, மேலே ஒரு எரரும் தெரியாது. ஃபைல் சிஸ்டமும் சும்மா கடத்தும் குழாய் அல்ல. ஃபிளாஷுக்கான ஃபைல் சிஸ்டமான எஃப்2எஃப்எஸ் தானே சூடு, மிதம், ஆறியது என்று டேட்டாவைப் பிரித்து வைக்கிறது: ஷார்ட் என்றால் சூட்டில் சேர்க்கும், எக்ஸ்ட்ரீம் என்றால் ஆறியதில், மற்றதெல்லாம் மிதத்தில். ஜோன் டிஸ்கில் ஓடும் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமும் எந்த ஃபைலை எந்த ஜோனில் போடுவது என்பதற்கு இதே ஹின்ட்டைப் பார்க்கிறது.

ஹின்ட் என்றால் ஹின்ட்டாகவே இருக்க வேண்டும்

டிஸ்க் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் டேட்டா பத்திரமாக இருக்க வேண்டும், புரோகிராம் அதே மாதிரி ஓட வேண்டும். எஃப்டிபி இதில் ஒழுங்கு: இல்லாத ஹேண்டில் எண்ணைக் கொடுத்தாலும் எழுத்து தோற்காது, டிஸ்க் எங்கேயாவது எழுதிவிட்டுத் தன் நிகழ்வுப் பதிவில் குறித்துவைக்கும். எஃப்டிபியைப் பற்றி எதுவும் தெரியாத பழைய மென்பொருளும் அதே டிஸ்கில் ஓடும்.

இந்தத் தாராளத்துக்கு எதிர் விளைவும் இருக்கிறது. பெரும்பாலும் எரரே வராததால், ஹின்ட் வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் ஓடும். அதனால் இடைமுகம் இரண்டையாவது வெளியே காட்டியாக வேண்டும்: எத்தனை ஸ்ட்ரீம் கிடைக்கும், ஒரு அலகு எவ்வளவு பெரிது. லினக்ஸ் இந்த இரண்டையும் டிஸ்கின் சிஸ்எஃப்எஸ் (கர்னல் தன் விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) கியூ அடைவில் வைக்கிறது. முதல் எண் 0 என்றால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம்.

எண்ணிக்கை ஏன் குறைவாகவே இருக்கிறது? ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் ஒரு யூனிட் பாதி நிரம்பியபடி திறந்தே கிடக்க வேண்டும். யூனிட் 6 ஜிபி, ஹேண்டில் 8 என்று வைத்தால் 48 ஜிபி எப்போதும் அரைகுறை. இந்தக் கணக்கு தெரிந்தால் பங்கீடு தானாக வரும். நம் டோக்கன் விவரம் நாளுக்கு 5 எம்பி என்றால், தனி ஹேண்டில் கொடுத்து 6 ஜிபி நிரம்ப 1,200 நாள் ஆகும். அது வீண். டேட்டாபேஸ் லாக் நாளுக்கு 1 ஜிபி என்றால் 6 நாளில் யூனிட் நிரம்பும். நிரம்பும்போது உள்ளே இருப்பதில் ஏறக்குறைய எல்லாமே செத்திருக்கும், நகலெடுக்காமலே அழித்துவிடலாம். டோக்கனை லாகோடு சேர்த்துவிட வேண்டியதுதான். ஆக வீடியோவுக்கு ஒன்று, லாகும் டோக்கனும் ஒன்று, பழைய கணக்கும் படகு விவரமும் ஒன்று. மூன்றே போதும். ஆயுள் வகுப்பாகச் சொல்வதென்றால் லாகுக்கு ஷார்ட், வீடியோவுக்கு மீடியம், கணக்குக்கு எக்ஸ்ட்ரீம்.

யாருக்கு எத்தனை ஹேண்டில் என்பதைக் கர்னலோ நிர்வாகியோதான் முடிவு செய்ய வேண்டும். முதலில் வந்த புரோகிராம் எட்டையும் எடுத்துக்கொள்ள விட்டால், ஃபைல் சிஸ்டத்தின் சொந்த ஜர்னலுக்குக்கூட ஒன்றும் மிஞ்சாது.

வழக்கமாகச் சொதப்பும் இடங்கள்

எஃப்சிஎன்டிஎல்லுக்கு ஹின்ட்டின் எண்ணை நேராகக் கொடுக்கக் கூடாது. 64 பிட் மாறி ஒன்றில் வைத்து அதன் முகவரியைக் கொடுக்க வேண்டும். ஃபைலைத் திறந்ததும், முதல் எழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே டிஸ்கில் இறங்கியதை ஹின்ட் இழுத்து நகர்த்தாது. லாக் ரொட்டேஷனில் புது ஃபைல் பிறக்கும்போது மறுபடி சொல்ல வேண்டும். ஃபைலை நகலெடுத்தால் ஹின்ட் கூடவே போகாது, டிஸ்கை அன்மவுன்ட் செய்தாலும் போய்விடும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும் இடைவெளியில் கணினி அணைந்து எழுந்தால், கேமரா மென்பொருள் திறந்த ஃபைல்களுக்கு மீண்டும் ஹின்ட் வைக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் ஷார்ட் என்று போடுவது ஒன்றும் போடாததற்குச் சமம்.

டிஸ்க் பாதி காலியாக இருந்தால் இத்தனை பாடும் வீண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலி பிளாக் தாராளமாக இருக்கும்போது டிஸ்க் அவசரப்பட்டு எதையும் நகர்த்தாது. உண்மையில் நம் இறங்குதளக் கணினிக்கு நேர்மையான யோசனை, கேமராவை ஒரு ஹார்டு டிஸ்குக்கு மாற்றிவிடுவதுதான். ஹின்ட் தேவைப்படுவது ஒரே ஃபிளாஷை நெருக்கிப் பலர் பங்கிடும் இடத்தில்: கிளவுட் சர்வர், பெரிய கேஷ், நிரம்பி வழியும் போன்.

அளக்காமல் நம்பக் கூடாது. என்விஎம்இ டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன் நிலையைக் குறித்துவைக்கும் பதிவில்) ஹோஸ்ட் எழுதிய அளவு இருக்கும். அதில் எண்ணும் ஒரு அலகு 5,12,000 பைட். ஃபிளாஷ் உண்மையில் எவ்வளவு எழுதியது என்பது அதில் இருக்காது. எஃப்டிபி டிஸ்கில் புள்ளிவிவரப் பதிவில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். சோதனைக்கு முன்னும் பின்னும் எண்களைக் குறித்து, இரண்டு வித்தியாசங்களை வகுத்தால் ஆம்ப்ளிஃபிகேஷன். புது டிஸ்கில் அளந்தால் எப்போதும் 1 என்றே காட்டும், ஏனென்றால் கார்பேஜ் கலெக்‌ஷன் இன்னும் தொடங்கியே இருக்காது. முழுக் கொள்ளளவுக்கு இரண்டு மடங்காவது எழுதிய பிறகே அந்த எண்ணுக்கு அர்த்தம். கேமராவின் 1 எம்பி வேகத்தில் 1.92 டிபியை ஒருமுறை நிரப்பவே 22 நாள் ஆகும். அதனால் ஃபியோ போன்ற டிஸ்க் சோதனைக் கருவியால் செயற்கையாக நிரப்புவார்கள். வினாடிக்கு 500 எம்பி என்றால் ஒரு சுற்று 64 நிமிடம். ஆயுள் வகுப்பு, எஃப்டிபி இரண்டையும் வைத்து எழுத ஃபியோவில் வசதி இருக்கிறது. ஹின்ட் இல்லாமல் ஒரு ஓட்டம், வைத்து ஒரு ஓட்டம், இரண்டுக்கும் முன்னால் டிஸ்கை ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

எஃப்டிபியை ஆன் செய்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அது டிஸ்கின் என்டியூரன்ஸ் குரூப் (ஒன்றாகத் தேயும் ஃபிளாஷ் தொகுதி) மட்டத்தில் மாற்றும் அமைப்பு. அந்தக் குரூப்பில் ஒரு நேம்ஸ்பேஸ்கூட (கணினிக்குத் தனி டிஸ்காகத் தெரியும் பகுதி) இருக்கக் கூடாது. முதலில் பேக்கப், பிறகு நேம்ஸ்பேஸ்களை நீக்குவது, எஃப்டிபியை ஆன் செய்வது, ஹேண்டில்களைக் குறிப்பிட்டு நேம்ஸ்பேஸைப் புதிதாக உருவாக்குவது, கடைசியில் பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றுவது என்பதே வரிசை. ஏற்றும்போதே ஹின்ட்டோடு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பழைய ஏலக் கணக்கு முழுவதும் மறுபடி ஒரே ஹேண்டிலில் வீடியோவோடு கலந்து விழும்.